மட்டமும் வரத்தும்: மையச் சிரை அழுத்தத்தின் வரலாறு

மயிலாடுதுறையைச் சுற்றியுள்ள கடைமடை ஊர்களில், வாய்க்காலின் நீர்மட்டத்தைப் பார்த்தவுடன் எவரும் மகிழ்ந்துவிடுவதில்லை. ஆடி மாதத்தில் மட்டம் உயர்ந்தால், மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து சேர்ந்தது என்று பொருள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே மட்டம் உயர்ந்தால், வடிகால் தூர்ந்துவிட்டது என்றோ, கடல் ஏற்றத்தால் முகத்துவாரம் நீரை வாங்கவில்லை என்றோ பொருள். மதகின் அளவுகோல் காட்டும் எண் ஒன்றுதான். அது சொல்லும் செய்தியோ வேறு வேறு. நம் உழவர் நன்கறிந்த இவ்வுண்மையை, இதயத்தைப் பொறுத்தவரை, மருத்துவ உலகம் ஏற்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

உடலெங்கும் சுற்றிய குருதி, இதயத்தின் வலது மேலறையை அடையும் இடத்தில் உள்ள அழுத்தமே மையச் சிரை அழுத்தம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருந்தவர்கள் 'சி.வி.பி.' என்ற பெயரில் இதைக் கேள்விப்பட்டிருக்கக்கூடும்.

நம் சித்த வைத்தியர்கள் மணிக்கட்டில் மூன்று விரல் பதித்து வாத, பித்த, ஐய நாடிகளைப் பார்த்தது தமனியில். தமனி துடிக்கும், விரலோடு பேசும். சிரை அவ்வாறு பேசுவதில்லை. அதைப் பேச வைக்கக் குழாய் வேண்டியிருந்தது.

அக்குழாயை முதலில் செருகியவர் மருத்துவர் அல்லர். இங்கிலாந்தின் டெடிங்டன் ஊர்ப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். 1733இல் வெளியான அவரது நூல் இச்சோதனைகளை விவரிக்கிறது. கட்டிக் கிடத்திய பெண் குதிரையொன்றின் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். குருதி எட்டடிக்கு மேல் ஏறிற்று. கழுத்துச் சிரையையும் அவர் அளந்தார். அங்கே ஏற்றம் மிகக் குறைவு. ஆனால் விலங்கு திமிறியபோது அது மளமளவென்று உயர்ந்தது. குதிரையின் உடலில் குருதி கூடவில்லை; அழுத்தம் மட்டுமே கூடியது. நாகசுரக் கலைஞர் மூச்சை அடக்கி வாசிக்கையில் கழுத்து நரம்பு புடைப்பதை நம் கோயில் வாசல்களில் கண்டிருக்கிறோம். காரணம் இரண்டிடத்திலும் ஒன்றே: நெஞ்சறையின் அழுத்தம்.

மனித இதயத்துக்குள் குழாயைச் செலுத்தலாம் என்று காட்டியவர் ஜெர்மானிய இளம் மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மான். 1929இல், மேலதிகாரியின் அனுமதியின்றி, தம் கைச் சிரை வழியே 65 செ.மீ. நீளம் குழாயைச் செலுத்திக்கொண்டு, தாமே நடந்து சென்று ஊடுகதிர்ப் படம் எடுத்துக்கொண்டார். அப்போது அவருக்குப் பாராட்டு கிடைக்கவில்லை. 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. ஊசியோ குழாயோ இன்றி, கழுத்துச் சிரையின் மட்டத்தை மார்பெலும்பின் மேட்டிலிருந்து கண்ணால் கணிக்கும் முறையை 1930இல் தாமஸ் லூயிஸ் வகுத்தளித்தார்.

1960களில் இவ்வளவீடு நோயாளியின் படுக்கையருகே வந்து சேர்ந்தது. கருவி எளியது: உப்புநீர் நிரம்பிய நிமிர்ந்த குழாய், அதனருகே ஓர் அளவுகோல். நான்காம் விலா இடைவெளியும் நடு அக்குள் கோடும் சந்திக்கும் இடமே சுழியம். அளவுகோல் 10 செ.மீ. தாழ்ந்து நின்றால், எண்ணும் 10 செ.மீ. பொய்யாக உயரும். ஏறத்தாழ 5 முதல் 10 செ.மீ. நீர் இயல்பு, குறைந்தால் குருதியில் நீர் குறைவு, கூடினால் மிகுதி என்று மாணவர் தலைமுறைகள் பாடம் கேட்டன.

இந்நம்பிக்கை உச்சத்தை எட்டியது 2001இல். தொற்றினால் உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸ் நோயாளிகள் 263 பேரிடம் டெட்ராய்ட்டில் இமானுவேல் ரிவர்ஸ் குழுவினர் நடத்திய ஆய்வில், இவ்வழுத்தத்தை 8 முதல் 12 மி.மீ. பாதரசத்தில் நிறுத்துவது சிகிச்சை இலக்குகளுள் ஒன்று. இறப்பு விகிதம் 46.5 சதவீதத்திலிருந்து 30.5 ஆகக் குறைந்தது. உலகெங்கும் அந்த எண்ணை நோக்கி நீர் ஏற்றப்பட்டது.

2008இல் பால் மாரிக் குழுவினர் 24 ஆய்வுகளை ஒருசேர வைத்துப் பார்த்தனர். இவ்வழுத்தத்துக்கும் குருதியின் அளவுக்கும் தொடர்பு மிகமிக மெல்லியது. நீர் கொடுத்தால் இதயம் பயன்கொள்ளுமா என்பதையும் இந்த எண்ணால் முன்னறிய இயலவில்லை. தெளிவான தொடர்பு அவர்களுக்குக் கிட்டியது, நின்றிருந்த ஏழு பெண் குதிரைகளிடம் செய்த ஓர் ஆய்வில் மட்டுமே! 2014, 2015ஆம் ஆண்டுகளில் வெளியான மூன்று பெரிய ஆய்வுகளிலும், ரிவர்ஸ் முறை வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதலாக உயிர்களைக் காக்கவில்லை. 2016இல் பன்னாட்டு வழிகாட்டுதல் இவ்விலக்கைக் கைவிட்டது.

இது ஏட்டுத் தருக்கம் அன்று. நீர் போதாவிட்டால் சிறுநீரகம் வாடும். மிகுந்தால் நுரையீரல் நனைந்து மூச்சு முட்டும். இதயம் தளர்ந்ததால் உயர்ந்த எண்ணும், செயற்கைச் சுவாசத்தின் அழுத்தத்தால் உயர்ந்த எண்ணும், நீர் மிகுதியால் உயர்ந்த எண்ணும் திரையில் ஒன்றுபோலவே ஒளிரும்.

அதற்காக அளவீட்டையே தூக்கி எறிந்துவிட வேண்டியதில்லை. மிக உயர்ந்த எண், வடிகாலில் தடை என்று எச்சரிக்கும்; மணிக்கு மணி மாறும் போக்கு, ஒற்றை எண்ணைவிட அதிகம் சொல்லும். இன்று மருத்துவர்கள் படுத்திருப்பவரின் கால்களை உயர்த்தி, கால் குருதி இதயத்தை அடைந்ததும் அது இறைக்கும் அளவு கூடுகிறதா என்று பார்க்கிறார்கள். மட்டத்தை விட்டு ஓட்டத்தைக் கேட்கும் கேள்வி அது. ஐப்பசி மழையில் மண்வெட்டியோடு வரப்பில் இறங்கும் நம் உழவரும் மதகை மேலும் திறப்பதில்லை. முதலில் வடிகாலைத்தான் பார்க்கிறார்.