மீன்தொட்டிக்குள்ளே ஒரு உலக வரலாறு

போன கிழமை தரம் 8 பிள்ளைகள் நாலு பேர் ஒரு ஒப்படை விஷயமாக வீட்டுக்கு வந்திருந்தார்கள். வந்த வேலையை மறந்துவிட்டு மீன்தொட்டிக்கு முன்னால் நின்றவர்கள் நின்றவர்கள்தான். அதில் ஒருவன் கேட்டான்: "சேர், இந்த மீனெல்லாம் எந்த ஊரு?"

வரலாறு படிப்பிக்கிற எனக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்குமா? அன்று அவனுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆறுதலாக வாசியுங்கள். கடைசியில் என்னுடைய ஒரு தவறையும் சொல்லப் போகிறேன்.

எங்கள் தொட்டி ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். 500 லீற்றருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். வாங்கிய நாளில் "இது மீனுக்கா, எங்களுக்கா?" என்று உம்மா கேட்டார். இப்போது அஸருக்குப் பிறகு தேத்தண்ணீரோடு அதற்கு முன்னால் கதிரை போட்டு உட்காருவது அவர்தான்.

அதில் ஆறு ஏஞ்சல் மீன்கள். அமேசன் ஆற்றுப் பக்கத்தின் பிள்ளைகள், சிக்லிட் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. செடிகளுக்கு இடையில் சிவப்பாக ஓடித் திரிவது செரி பார்ப். அது நம் நாட்டு மீன், இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. 1929இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தவரும் நம் நாட்டவரே, பி. ஈ. பி. தெரணியகல. அடியில் அடர்ந்து நிற்கிற பழுப்பும் பச்சையுமான செடி கிரிப்டோகொரைன். கடைக்காரர்கள் 'கிரிப்டோ' என்பார்கள். அதுவும் நம் மண்ணுடையதுதான்.

இப்படிக் கண்ணாடிக்குள் மீனையும் செடியையும் சேர்த்து வைக்கும் யோசனை யாருக்கு வந்தது?

1829இல் கிழக்கு லண்டனில் நதானியேல் வார்ட் என்றொரு வைத்தியர் இருந்தார். நிலக்கரிப் புகையால் அவருடைய தோட்டத்துப் பன்னச் செடிகள் எல்லாம் செத்துப் போயின. அதே நேரம், ஒரு அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவைப் பார்ப்பதற்காக ஈரமண்ணோடு மூடி வைத்திருந்த போத்தலுக்குள் ஒரு பன்னமும் ஒரு புல்லும் தாமாக முளைத்து நன்றாக வளர்ந்தன. மூடிய கண்ணாடிக்குள் செடி வாழும் என்று அவர் புரிந்துகொண்டார். அந்த யோசனையில் பிறந்த கண்ணாடிப் பெட்டிகள் கப்பல்களில் ஏறின. சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்தது அந்தப் பெட்டிகளில்தான்.

அதிலிருந்து மீனுக்கு வந்தவர் ரொபர்ட் வோரிங்டன் என்ற இரசாயனவியலாளர். ஏறக்குறைய 12 கலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு சின்னத் தங்கமீன்களையும் வலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்தார். மீன் விடும் காபனீரொட்சைட்டைச் செடி எடுக்கும், செடி விடும் ஒட்சிசனை மீன் எடுக்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரி, ஆனால் பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. பிறகு குளத்து நத்தைகள் சிலவற்றைப் போட்டார். அவை அழுகலைத் தின்ன, தண்ணீர் தெளிந்தது. இதை அவர் 1850இல் அறிவித்தார். இன்றைக்கும் செடி வைத்த தொட்டியின் அடிப்படைப் பாடம் இந்த மூன்றும்தான்: மீன், செடி, துப்புரவு செய்யும் சிற்றுயிர். 1853இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் பொதுமக்கள் பார்ப்பதற்கு மீன்காட்சியகமே திறந்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் சிக்லிட்கள் ஐரோப்பாவுக்கு உயிரோடு போகவில்லை, போத்தலில் பதப்படுத்தப்பட்டுத்தான் போயின. ஒஸ்திரியாவைச் சேர்ந்த யொஹான் நாட்டரர் 1817 முதல் 1835 வரை பிரேசில் காடுகளில் அலைந்து உயிரினங்களைச் சேகரித்தார். வியன்னாவில் இருந்த ஹெக்கல் அந்த மீன்களை ஆராய்ந்து 1840இல் டிஸ்கஸ் மீனுக்குப் பெயர் வைத்தார். ஏஞ்சல் மீன்களின் பேரினத்துக்கும் அதே வருடம் அவரே பெயர் வைத்தார். ஏஞ்சல் மீன் உயிரோடு ஜேர்மனிய வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

தொட்டி வைக்க நினைக்கும் தம்பிமாருக்கு ஒரு விஷயம். எல்லாச் சிக்லிட்டும் செடியோடு ஒத்துப் போகாது. ஒஸ்கார் மீன் ஒரே இரவில் செடியைப் பிடுங்கி மிதக்க விடும். ஆபிரிக்காவின் மலாவி ஏரி மீன்கள் பாறைக்காரர்கள், மண்ணைக் கிண்டும், இலையையும் கடிக்கும். ஏஞ்சல் அப்படியல்ல. அது செடிகளுக்கும் விழுந்த மரக்கிளைகளுக்கும் நடுவில் வாழ்ந்து பழகியது. அதன் தட்டையான உடம்பும் கறுப்புக் கோடுகளும் அதற்காகத்தான். முட்டையையும் அகன்ற இலையில் ஒட்டும்.

சரி, சிக்லிட் என்றால் வெளிநாட்டு மீன் மட்டும்தானா? இல்லை. இலங்கைக்குச் சொந்தமாக இரண்டு சிக்லிட்கள் இருக்கின்றன. ஒன்று நம் வாவியில் பிடிபடுகிற, பச்சை கலந்த சாம்பல் உடம்பில் முத்து முத்தாகப் புள்ளி வைத்த மீன். சிங்களத்தில் கொரலியா என்பார்கள். மற்றது அதைவிடச் சின்னதான மஞ்சள் நிறத்து மீன். இரண்டுமே தாயும் தகப்பனுமாகச் சேர்ந்து குஞ்சுகளைக் காவல் காக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் ஊறும் வழுவழுப்பைக் கொத்தித் தின்று வளரும். இவற்றின் மிக நெருங்கிய உறவுகள் மடகஸ்காரில் இருக்கின்றன. பல்லாயிரம் ரூபா கொடுத்து டிஸ்கஸ் வாங்கி 'அதன் பிள்ளை வளர்ப்பைப் பாருங்கள்' என்று வியக்கிறோம். அதே அதிசயம் வாவிக்குள் நடக்கிறது, நாம் அதைப் பொரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகிறோம். சாப்பிடுங்கள், ருசியான மீன்தான். தெரிந்துகொண்டும் சாப்பிடுங்கள்.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு ஆள் திலாப்பியா. எங்கள் உம்மம்மா அதை 'ஜப்பான் மீன்' என்றே சொல்வார். ஆனால் அதன் சொந்த இடம் ஆபிரிக்கா. 1930களின் பிற்பகுதியில் ஜாவாத் தீவின் தென்கரையில், ஒரு ஆற்று முகத்துவாரத்தில் முஜாயிர் என்ற ஊர் மனிதர் இந்த மீனைக் கண்டெடுத்து வளர்த்தார். இந்தோனேசியாவில் இன்றும் அந்த மீனுக்கு அவர் பெயர்தான். ஆபிரிக்க மீன் அங்கே எப்படிப் போனது? மீன்தொட்டிப் பிரியர்கள் கொண்டுபோயிருக்கலாம் என்பது ஒரு கருத்து. பிறகு யுத்தம் வந்தது. ஜாவாவைப் பிடித்திருந்த ஜப்பானியர் அதைப் பல இடங்களுக்கும் பரப்பினார்கள். இலங்கைக் குளங்களில் அது விடப்பட்டது 1952இல்.

நம் நாட்டில் இயற்கை ஏரிகள் இல்லை. குளங்கள் எல்லாம் மனிதன் கட்டியவை. நம் உள்நாட்டு மீன்களில் பெரும்பாலானவை ஆற்றுக்குப் பழகியவை. அந்த வெற்றிடத்தில் திலாப்பியா பெருகி, குளத்து மீன்பிடியின் முதுகெலும்பாகவே ஆகிவிட்டது. எத்தனையோ ஏழை வீட்டுக் கறிச்சட்டியை அது நிரப்பியது. அதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு தண்ணீரில் புதிய உயிரை விட்டால் அது திரும்பி வராது என்ற பாடமும் அதில் இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கிரிப்டோகொரைன் பெக்கெட்டி என்று நம் நாட்டுக்கே உரிய ஒரு செடி. இங்கே அது அருகி வருகிறது. 1990களில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சான் மார்க்கோஸ் ஆற்றில் அதே செடி பாய் விரித்தாற்போல் பரவிக் கிடந்தது. அந்த ஆற்றில் மட்டுமே வளர்கிற ஒரு காட்டரிசிக்கு அது ஆபத்தாகிவிடும் என்று அரசாங்கமே ஆள் வைத்துப் பிடுங்கியது. யாரோ தொட்டியைக் கழுவி ஆற்றில் கொட்டியதன் விளைவு என்கிறார்கள். நம் வீட்டில் அருமையானது, அடுத்தவன் ஆற்றில் களை!

இப்போது என் தவறு.

ஆசிரியர் கலாசாலைக்குப் போன வருடம் என்னிடம் ஒரு சின்னத் தொட்டி இருந்தது. பார்ப்பதற்கு ஆள் இல்லை. அதில் இரண்டு 'டேங்க் கிளீனர்' மீன்கள், சக்கர் என்பார்களே, அதுதான். விரல் அளவில் வாங்கியது முழங்கை அளவுக்கு வளர்ந்திருந்தது. கொல்ல மனமில்லை. ஒரு மஃரிப் நேரம் வாளியில் கொண்டுபோய்க் குளத்தில் விட்டேன். ஒரு உயிரைக் காப்பாற்றிய திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அதே குளக்கரையில் வலை காயவைத்துக் கொண்டிருந்த காக்கா ஒருவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். வலையில் பெரிய பெரிய கிழிசல். கரையில் கறுத்த, முள்ளுச் செட்டையுள்ள மீன்கள் குவியலாகக் கிடந்தன. "இத திங்கவும் ஏலா, விக்கவும் ஏலா மாஸ்டர். வலைய நாசமாக்குது. எவன் கொண்டு வந்து உட்டானோ!" என்றார்.

எனக்கு வாய் வரவில்லை. தென்னமெரிக்க மீன் அது. இன்று நாட்டின் பல நீர்நிலைகளில் இருக்கிறது. நான் விட்ட இரண்டால்தான் இது வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. இல்லை என்று என்னாலும் சொல்ல முடியாது. ஒரு மாதம் கழித்துப் போய் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "தெரியாமத்தானே செஞ்சீங்க மாஸ்டர். தெரிஞ்சத்த புள்ளையளுக்குச் சொல்லிக் குடுங்க" என்றார். அந்தப் பேச்சுக்குத்தான் இந்தப் பதிவு.

ஆகவே பெற்றோரே, தம்பி தங்கைமாரே, மீன் வளருங்கள். பிள்ளைகளுக்குப் பொறுப்பையும் பொறுமையையும் சொல்லிக் கொடுக்க நல்ல வழி அது. ஆனால் வாங்க முன் அது எவ்வளவு வளரும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வைத்திருக்க முடியாமல் போனால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், இன்னொருவருக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் என் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். செடியைப் பிடுங்கினால் வெயிலில் காயவைத்துப் புதையுங்கள். குளத்திலோ வாவியிலோ வாய்க்காலிலோ விட வேண்டாம். நாம் இரக்கம் என்று நினைத்துச் செய்வதன் கடனை அடைப்பது வலை வீசிப் பிழைக்கிற இன்னொரு வீடு.

கடைசியாக ஒரு உதவி. மேலே சொன்ன அந்த முத்துப் புள்ளி மீனுக்கும் மஞ்சள் மீனுக்கும் உங்கள் ஊரில் என்ன பெயர்? வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். மீனோடு பெயரும் சேர்ந்து காணாமல் போவதற்கு முன் நாங்கள் எழுதி வைத்துக்கொள்வோம். தரம் 8 பிள்ளைகள் ஒரு கொப்பி வாங்கி, ஆயத்தமாக இருக்கிறார்கள்.