அறுதிப் பெரும்பான்மை இல்லாத பாராளுமன்றம்



பொதுத் தேர்தல் முடிந்ததும் ஆளப்போவது யார் என்பதற்கு விடை கிடைத்துவிடுமென்றே வாக்காளர் எதிர்பார்க்கின்றனர். எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிட்டாதவிடத்து அவ்விடை வாக்குப் பெட்டியில் இல்லை. அதனை வேறிடத்தில் தேடவேண்டியுள்ளது. 1960ஆம் ஆண்டில் இலங்கை கண்ட அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

அவ்வாண்டு மார்ச் 19ஆம் திகதி 151 ஆசனங்களுக்குத் தேர்தல் நடைபெற்றது. ஐக்கிய தேசியக் கட்சி 50 ஆசனங்களையும், ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 46 ஆசனங்களையும், தமிழரசுக் கட்சி 15 ஆசனங்களையும் பெற்றன. சமசமாஜக் கட்சிக்கும் மக்கள் ஐக்கிய முன்னணிக்கும் பத்துப் பத்து ஆசனங்கள் கிடைத்தன. பெரிய கட்சியின் தலைவர் என்ற முறையில் டட்லி சேனநாயக்க பிரதமராகப் பதவியேற்றார். நியமன அங்கத்தவர் அறுவரைச் சேர்த்தாலும் 157 பேர் கொண்ட சபையில் அவருக்குப் பெரும்பான்மை இல்லை.

இந்நிலையில் துலாக்கோலின் நடுமுள்ளாய் நின்றது தமிழரசுக் கட்சி. மொழியுரிமை, பிரதேச சபைகள், அரசாங்கக் குடியேற்றம், மலையகத் தமிழரின் குடியுரிமை ஆகியன பற்றிய தம் கோரிக்கைகளை செல்வநாயகம் முன்வைத்தார். டட்லி அவற்றுக்கு இணங்கவில்லை. சபை கூடிய முதல் நாளிலேயே எதிர்க்கட்சிகளின் ஆதரவு பெற்ற டீ. பி. சுபசிங்க சபாநாயகராகத் தெரிவானார். ஏப்ரல் 22ஆம் திகதி சிம்மாசனப் பிரசங்கத்தின் மீதான வாக்கெடுப்பில் அரசாங்கம் தோற்றது. அதன் ஆயுள் ஒரு மாதமே.

அடுத்துச் செய்யத்தக்கது யாது? இரண்டாவது பெரிய கட்சியின் தலைவரான சி. பி. டி சில்வாவை அழைப்பதா, சபையைக் கலைப்பதா? சோல்பரி அரசியலமைப்பு இத்தகைய கருமங்களில் பிரித்தானிய மரபையே வழிகாட்டியாகக் கொண்டிருந்தது. அம்மரபிலே தெளிவான முன்னுதாரணம் ஒன்றும் உண்டு. 1923 டிசம்பர்த் தேர்தலில் கொன்சர்வேற்றிவ் கட்சி 258 ஆசனங்களுடன் முதலிடம் பெற்றும் பெரும்பான்மை பெறவில்லை. 1924 ஜனவரியில் போல்ட்வின் சபையிலே தோற்றபோது, ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் சபையைக் கலைக்கவில்லை. 191 ஆசனங்களே கொண்ட தொழிற் கட்சியின் தலைவர் ராம்சே மக்டொனால்டை அழைத்தார். இலங்கையிலோ மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்க, தோல்வியுற்ற பிரதமரின் ஆலோசனையை ஏற்றுப் பாராளுமன்றத்தைக் கலைத்தார். மரபு ஒன்றே, முடிவுகளோ இரண்டு. எழுதப்படாத விதி எத்திசைக்கும் வளையக்கூடியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஜூலை 20ஆம் திகதி மறுதேர்தல் நடந்தது. சுதந்திரக் கட்சி இடதுசாரிக் கட்சிகளுடன் போட்டி தவிர்ப்பு உடன்பாடு செய்துகொண்டு 75 ஆசனங்களை வென்றது. சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதற் பெண் பிரதமரானார். நியமன அங்கத்தவரையும் சேர்த்ததும் அரசாங்கத்துக்குப் பிறர் துணை தேவைப்படவில்லை. தமிழரசுக் கட்சியின் பலமோ 15இலிருந்து 16ஆக உயர்ந்திருந்தது. உயர்ந்தும் பயன் என்ன? ஏப்ரலில் அரசாங்கத்தை வீழ்த்திய பதினைந்துக்கு இருந்த மதிப்பு, ஜூலையில் பதினாறுக்கு இல்லை. 1961 ஜனவரியில் தனிச் சிங்களச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. சபையிலே கேட்கப்படாத குரல் வீதிக்கு வந்தது.

1965 மார்ச்சில் மீண்டும் எவருக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. ஐக்கிய தேசியக் கட்சி 66 ஆசனங்களையும் தமிழரசுக் கட்சி 14 ஆசனங்களையும் பெற்றன. இம்முறை டட்லியும் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தனர். மு. திருச்செல்வம் அமைச்சரானார். எனினும் வாக்களிக்கப்பட்ட மாவட்ட சபைகள் எதிர்ப்பின் முன் கைவிடப்பட்டன. 1968இல் தமிழரசுக் கட்சி அரசாங்கத்திலிருந்து விலகியது.

வெளியே நின்று ஒரு முறையும் உள்ளே சென்று ஒரு முறையும் பார்த்தாயிற்று. இரண்டிலும் புலனாவது ஒன்றே. பெரும்பான்மையற்ற சபை சிறுபான்மையோருக்குப் பேரம் பேசும் வாய்ப்பைத் தரும். பேசியதை நிறைவேற்றும் உறுதியைத் தராது. எண்ணிக்கையின் தேவையால் பிறந்த வாக்குறுதி அத்தேவை தீர்ந்ததும் தளர்ந்துவிடும். பெரும்பான்மை மக்களின் மனத்திலும் அது வேரூன்றினாலன்றி நிலைபெறாது.