சுடப்பட்ட புலிகள்

போன மாதம் குழந்தைகளுடன் தாம்பரம் தாண்டி வண்டலூர் போயிருந்தேன். அகழிக்கு அப்பால் படுத்திருந்த புலியைக் கண்டதும் பழைய புலிகளின் நினைவு வந்தது.

1985-இல் இந்தப் பூங்கா திறக்கும் முன், மிருகக்காட்சிசாலை சென்ட்ரல் ஸ்டேஷன் அருகே பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்தது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான் குண்டு விழுந்தது. சென்னைவாசிகள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடினார்கள். இங்கும் குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால்? மலபார் ஸ்பெஷல் போலீசார் வந்தார்கள். சிங்கம், புலி முதலிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன.

ஜப்பான் படையோ சென்னைக் கரையில் இறங்கவேயில்லை. ஓடிய ஜனங்கள் திரும்பினார்கள்.

அதிகாரிகளை நான் பழிக்கவில்லை. பயத்தில் யார்தான் நிதானித்தார்கள்? ஆனால் யுத்தத்தின் நஷ்டக் கணக்கில் இந்தப் பிராணிகளுக்கும் ஒரு வரி வேண்டாமா?

அப்போது தாம்பரம் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேலே இரைந்து போயிற்று. புலி நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி படுத்துக்கொண்டது.