தஞ்சைப் பஞ்சமும் மனித சித்தமும்

2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வீசியபோது அதிராம்பட்டினக் கரையோரத்துத் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. இத்தகைய அழிவைக் கடவுள் ஏன் அனுமதிக்கிறார் என்று சபையார் குருமாரைக் கேட்பதுண்டு. காற்றுக்கும் கடலுக்கும் சித்தம் இல்லை. ஆகையால், மனிதன் தன் சுயாதீனத்தைத் தவறாகப் பயன்படுத்தியதே தீமைக்குக் காரணம் என்று அகுஸ்தீன் காலமுதல் நாம் கூறிவரும் விடை அங்கே எளிதில் பொருந்துவதில்லை. போரிலும் கொடுமையிலும் அது பொருந்தும் என்று எண்ணுகிறோம். எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்பதை அதே நெல்நாட்டின் தலைநகரில் நேர்ந்த ஒரு பஞ்சத்தைக் கொண்டு பார்க்கலாம்.

1780இல் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டு தஞ்சை நாடு சூறையாடப்பட்டது. கோட்டைக்குள் சிப்பாய்கள் பசியால் சோர்ந்து விழுந்தனர். காலைதோறும் தெருக்களில் பிணங்கள் கிடந்தன. 1778 முதல் தஞ்சையில் தங்கி ஊழியஞ்செய்த சுவார்ட்ஸ் ஐயர், 1794இல் இலண்டனிலிருந்த எஸ்.பி.சி.கே. சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில் இவற்றை நினைவுகூருகிறார்.

நாம் உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. நாட்டுப்புறத்தில் தானியம் இருந்தது. அதைச் சுமந்துவர மாடுகள்தாம் கிடைக்கவில்லை. முன்னர் தானியம் கொண்டுவந்த குடிகளுக்குச் சேரவேண்டிய கூலியைத் துபாஷிகள் பறித்துக்கொண்டார்கள். மன்னர் துளஜாஜி கேட்டுக்கொண்டும் எவரும் அசையவில்லை. ஆகவே அத்தெருக்களில் மாண்டவர்களைக் கொன்றது படையெடுத்தவனின் சித்தம் மட்டுமன்று. கூலியைப் பறித்தவனின் பேராசையும் அதில் பங்குகொண்டது. மறுத்த குடியானவனையோ நாம் குற்றவாளி என்று கூறத் துணியோம். அவனது சித்தம் சுயாதீனமாக இருந்ததா? 1525இல் எராஸ்முவுக்கு மறுப்பெழுதிய லுத்தர், பாவத்துக்கு அடிமைப்பட்ட சித்தத்தைப் பற்றியே பேசினார். பிறர் செய்த பாவத்தினால் கட்டுண்ட சித்தத்தை இங்கே காண்கிறோம். நம் இறையியல் நூல்கள் இதற்குப் போதிய இடம் தருவதில்லை என்பது என் கருத்து.

மன்னரும் கும்பெனியாரும் நம்பிக்கை இழந்த நிலையில் ஐயரை நாடினார்கள். கூலியைத் தம் கையாலேயே கொடுப்பதாகவும், பகைவர் பிடித்துச்செல்லும் மாடுகளுக்கு ஈடு தருவதாகவும் ஐயர் குடிகளுக்கு எழுதினார். ஓரிரு நாள்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. உபதேசியார் ஒருவரும் வேறு சில கிறிஸ்தவர்களும் உயிருக்குத் துணிந்து நாட்டுக்குள் சென்று 80,000 கலம் தானியம் கொண்டுவந்தார்கள். அக்கோட்டையில் கும்பெனியின் படையும் இருந்தது. எனவே ஐயரின் செயல் போரில் ஒரு சாராருக்குத் துணைநின்றது என்பதையும் மறைக்கலாகாது.

மனித சுயாதீனம் என்னும் விடை, கூலியைப் பறித்த துபாஷியைக் குறித்துப் பேசும். மாடு ஓட்டிவந்தவனைக் குறித்தும் பேசும். அந்த மாடுகள் வருமுன் தெருவில் மாண்ட குழந்தையின் சித்தத்தை எவரும் கேட்கவில்லை. அக்குழந்தையின் பொருட்டு எழும் வினாவுக்குச் சுவார்ட்ஸ் ஐயரின் கடிதம் விடை கூற முற்படவில்லை. பிறருக்குரிய பணத்தையும் சேர்த்துக் கூலி முழுவதையும் கொடுத்துத் தீர்த்து, சிறு வெகுமதியும் அளித்துக் குடிகளை ஊருக்கு அனுப்பியதை மட்டும் அது தெரிவிக்கிறது.