தீவுகளின் ஊர்வனவும் கப்பலேறி வந்த எலிகளும்

கேகாலை மாவட்டத்தில் களனி கங்கைக் கரையில் அமைந்துள்ள கித்துல்கல, படகுச் சவாரிக்காகவே இன்று பலராலும் அறியப்படுகின்றது. எனினும், இறப்பர், தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே எஞ்சியுள்ள அதன் ஈரக்காடுகள், உலகில் வேறெங்கும் காணப்படாத உயிரினங்களின் உறைவிடமாகும். மூக்கின் நுனியில் புடைப்புடன் கூடிய பச்சை நிற ஓணான் அவற்றுள் ஒன்று. இலங்கையில் 200க்கும் மேற்பட்ட ஊர்வன இனங்கள் வாழ்கின்றன. அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை இத்தீவுக்கே உரியவை.

தீவுகளில் வாழும் ஊர்வனவற்றுக்கு உலகெங்கும் பெரும் பகையாக விளங்குவது, கப்பல்களில் மனிதனுடன் வந்திறங்கிய எலியாகும். எலியின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 3 வாரங்களே. இரவில் நடமாடும் இப்பிராணி மரமேறும், வளை தோண்டும், முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்னும். மண்ணில் முட்டையிட்டு மூடிவிட்டுச் செல்லும் ஓணானுக்கோ அரணைக்கோ இதற்கெதிராக எவ்விதப் பாதுகாப்பும் இல்லை.

நியூசிலாந்தின் துவாட்டாரா இதற்குத் தக்க சான்றாகும். எலிகள் குடியேறிய சிறு தீவுகளில் முதிர்ந்த துவாட்டாராக்கள் உயிர்வாழ்ந்த போதிலும் இளையவை அரிதாகவே காணப்பட்டன. வெளிப்பார்வைக்கு இனம் நிலைத்திருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது மெல்ல அழிந்துகொண்டிருக்கும். நம்மவர் பலர் வாழும் மொரீசியசிலும் இதே கதைதான். அங்கு பெருந்தீவில் அற்றுப்போன டெல்ஃபெயர் அரணை, எலிகள் ஒருபோதும் குடியேறாத ரவுண்ட் தீவில் தப்பிப் பிழைத்தது.

எலியை ஒழிக்க மனிதன் கண்ட வழிகளும் சில வேளைகளில் விபரீதமாயின. கரும்புத் தோட்டங்களில் எலித் தொல்லை மிகுந்ததால் 1872 இல் இந்தியாவிலிருந்து ஜமேக்காவுக்குக் கீரிகள் கொண்டுசெல்லப்பட்டன. பின்னர் அவை ஏனைய கரீபியன் தீவுகளுக்கும் பரவின. எலியோ இரவில் உலவுவது, கீரியோ பகலில் வேட்டையாடுவது. எலிகள் ஒழியவில்லை, பாம்புகளும் பல்லிகளுமே இரையாயின. அன்ரிகுவா தீவுக்குரிய நஞ்சற்ற பாம்பொன்று பெருந்தீவிலிருந்து முற்றாக மறைந்து, கரைக்கப்பால் உள்ள ஒரு சிறு தீவில் மட்டும் எஞ்சியது. 1995 இல் அங்கிருந்த எலிகள் அகற்றப்பட்டபோது ஏறத்தாழ 50 பாம்புகளே இருந்தன. அயல் தீவுகளிலும் எலிகள் அகற்றப்பட்டுப் பாம்புகள் விடப்பட்டதன் பயனாக, அவற்றின் தொகை பின்னர் 1000ஐத் தாண்டியது.

இலங்கை, கண்டத்தோடு ஒட்டியிருந்த பெருந்தீவாகும். இங்கு இயற்கையாகவே எலிகளும் கீரிகளும் உண்டு. அவற்றோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியவை நமது ஊர்வன. ஆகவே, சிறு தீவுகளில் நிகழ்ந்தது அவ்வாறே இங்கும் நிகழும் எனக் கூறுவதற்கில்லை. ஆயினும், காடுகள் துண்டாடப்பட்டு, அவற்றின் ஓரங்களில் குப்பைமேடுகள் பெருகும்போது, ஒவ்வொரு துண்டுக் காடும் ஒரு சிறு தீவாகவே மாறுகின்றது. விடுதிக் கழிவுகளும் லயன்களைச் சூழத் தேங்கும் குப்பைகளும் எலிகளுக்கு ஆண்டு முழுவதும் உணவளிக்கின்றன.

இது ஓணான்களின் பிரச்சினை மட்டுமன்று. எலிகளின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல், 2008 இல் நாட்டில் 7000க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. சப்ரகமுவ மாகாணம் இந்நோய் கூடுதலாகக் காணப்படும் பகுதிகளுள் ஒன்றாகும். வயலிலும் மலையிலும் வெறுங்காலுடன் உழைப்பவரே இதற்கு முதலில் பலியாகின்றனர்.

எலிகளை உண்டு நமக்கு உதவும் சாரைப்பாம்பைக் கண்ட இடத்தில் அடித்துக் கொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. எலிக்கு வைக்கும் நஞ்சும் அவ்வெலியைத் தின்னும் பாம்பையும் ஆந்தையையும் சென்றடைகின்றது. காவலாளியைக் கொன்றுவிட்டுக் களவைப் பற்றிப் புலம்புவதற்கு ஒப்பானது இது.

குப்பை அகற்றுவதைத் தோட்ட நிர்வாகமும் பிரதேச சபையும் ஒன்றன்மீது ஒன்று சுமத்தும் நிலை நீடிக்கலாகாது. விடுதி உரிமையாளர்களும் தமது கழிவுகளுக்குப் பொறுப்பேற்க வேண்டும். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என எலி பேதம் பார்ப்பதில்லை. லயனின் குப்பை அகன்றால் தொழிலாளியின் உயிரும் காக்கப்படும். காட்டின் ஓணானும் பிழைக்கும் என்பதை நாம் உணர வேண்டும்.