பண்டை எபிரேயரின் துக்க நிவர்த்தி

துக்கத்தின் தொடக்கத்தைச் சாவு குறித்துவிடுகின்றது. அதன் முடிவைக் குறிப்பது எது? அழுதவர் மீண்டும் எப்பொழுது எண்ணெய் பூசலாம், எப்பொழுது நல்லாடை உடுத்தலாம் என்பதைத் தனியொருவர் மனத்திற்கே விட்டுவிடாது, பண்டை எபிரேயர் வழக்கத்தால் வரையறுத்து வைத்தனர்.

சாவுச் செய்தி கேட்டவர் ஆடையைக் கிழித்துக்கொள்வர். இரட்டு என்னும் முரட்டுத் துணியை அரையில் உடுத்துவர். தலையிற் புழுதியிட்டுத் தரையில் அமர்வர். எண்ணெய் பூசுதலை விலக்குவர். பிறர் கொணரும் அப்பமும் ஆறுதற் கிண்ணமும் அவர்களைத் தாங்கும்.

இந்நிலைக்கு எல்லை உண்டு. தந்தை யாக்கோபுக்காக யோசேப்பு 7 நாள் துக்கங் காத்தான். ஆரோனுக்காகவும் மோசேக்காகவும் மக்கள் 30 நாள் அழுதனர். மோசேயின் துக்க நாட்கள் நிறைவெய்தியதைக் கூறும் உபாகமம், அடுத்து, மக்கள் யோசுவாவுக்குக் கீழ்ப்படிந்ததைக் கூறுகின்றது. போரிற் சிறைப்பட்ட பெண்ணை ஒருவன் மணக்க விரும்பினும், அவள் தன் தாய் தந்தையரை நினைந்து ஒரு மாதம் அழுது முடியும்வரை காத்திருத்தல் வேண்டும் என்பது அந்நூலின் சட்டம். யாவும் இழந்த அடிமைக்கும் அழுவதற்குரிய காலம் மறுக்கப்படவில்லை.

துக்கம் தீரும் முறையைத் தாவீது அரசனின் வரலாற்றிற் காணலாம். நோயுற்ற மகனுக்காக அவன் உண்ணாது தரையிற் கிடந்தான். முதியோர் எழுப்பியும் எழுந்தானல்லன். ஏழாம் நாள் குழந்தை இறந்தது. அதைச் சொல்ல ஏவலர் அஞ்சினர். அவர்கள் தமக்குள் முணுமுணுத்தமை கண்டு அவனே உணர்ந்துகொண்டான். உடனே எழுந்தான், நீராடினான், எண்ணெய் பூசினான், ஆடை மாற்றினான், ஆலயஞ் சென்று தொழுதான், வீடு திரும்பி உணவு கேட்டு உண்டான். ஏவலர் திகைத்தனர். அச்செயல்கள் யாவும் துக்க நாட்களின் முடிவிற் செய்யப்படுபவை. அவனோ துக்கம் தொடங்கவேண்டிய வேளையிற் செய்தான். உயிருள்ளபோது இறைவன் இரங்கக்கூடும் என்றே நோன்பிருந்ததாகவும், இனித் தான் மகனிடம் போகலாமேயன்றி மகன் தன்னிடம் வாரான் என்றும் அவன் விளக்கினான்.

அந்த 7 நாளும் 30 நாளும் யூதரிடையே இன்றும் நிலவுகின்றன. ஏழாம் நாட் காலையில், இருந்தவரை எழுமாறு ஆறுதல் கூற வந்தோர் சொல்வர். எழுந்தவர் வீட்டுக்கு வெளியே சிறிது தூரம் நடந்து திரும்புவது பலரிடையே வழக்கு. நெஞ்சின் துயர் அன்றே தீர்ந்துவிடுவதில்லை. ஆயினும் எழலாம் என்று சொல்ல ஒருவர் அருகிருக்கின்றார்.