கவனக்குறை மிகையியக்கக் கோளாறும் குழந்தைப்பருவத் துயரும்: காரணத் தேடலின் வரலாறு

முன்னுரை

ஏ.டி.எச்.டி. என வழங்கும் கவனக்குறை மிகையியக்கக் கோளாற்றின் காரணம் யாது என்னும் வினா ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விவாதத்திற்குரியதாக இருந்து வருகிறது. பிறவி இயல்பா, மூளைக்கு நேர்ந்த சேதமா, வளர்ப்பில் நேர்ந்த துயரா என விடை காலந்தோறும் மாறியது. விடை மாறியபோதெல்லாம் பழி சுமந்தவரும் மாறினர். அவ்விவாதத்தில் ருமேனிய ஆதரவற்றோர் இல்லக் குழந்தைகள் பெறும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயர்களும் காரணங்களும்

1902இல் இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்டில் ஆற்றிய சொற்பொழிவுகள், அறிவுத்திறன் குன்றாதிருந்தும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத சிறுவர்களை விவரித்தன. அந்நிலையை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்று அவர் கருதினார். பெயர் ஒழுக்கம் சார்ந்ததாயினும், அவர் தேடிய காரணம் பெரிதும் உடல் சார்ந்ததே. முதல் உலகப்போர்க் காலத்தில் பரவத் தொடங்கிய என்செபலைட்டிஸ் லெதார்ஜிகா என்னும் மூளையழற்சியிலிருந்து பிழைத்த குழந்தைகள் பலரிடம் அடங்காத துடிப்பு காணப்பட்டமை இத்தேடலுக்கு வலுச் சேர்த்தது. பின்னர், சேதத்தின் தடயமே இல்லாத குழந்தைகளுக்கும் ‘மிகக் குறைந்த அளவு மூளைச் சேதம்’ என்ற பெயர் சூட்டப்பட்டது. நடத்தையைக் கொண்டு சேதத்தை ஊகித்து, அச்சேதத்தையே நடத்தைக்குக் காரணமாகக் கூறிய இம்முறை வட்டவாதமே அன்றி வேறன்று. 1968இல் அமெரிக்க உளமருத்துவக் கையேடு இதனைக் குழந்தைப்பருவ ‘எதிர்வினை’ என்றது. 1980ஆம் ஆண்டுப் பதிப்போ காரணத்தைச் சுட்டாது, கவனக்குறையை மட்டும் பெயராக்கியது.

ருமேனியச் சான்று

துயருக்கும் இக்கோளாற்றுக்கும் உள்ள உறவை இயல்பான குடும்பங்களில் அளப்பது கடினம். பெற்றோர் தம் மரபணுக்களையும் தருகின்றனர். வீட்டுச் சூழலையும் அமைக்கின்றனர். கவனம் சிதறும் தந்தையின் ஒழுங்கற்ற வீட்டில் கவனம் சிதறும் மகன் வளர்ந்தால், காரணம் வீடா குருதியா எனப் பிரித்தறிய இயலாது.

1989 டிசம்பரில் நிக்கோலாய் சௌசெஸ்குவின் ஆட்சி வீழ்ந்தபின், ருமேனிய இல்லங்களில் பசியிலும் அரவணைப்பின்மையிலும் கிடந்த குழந்தைகள் உலகின் பார்வைக்கு வந்தனர். அவர்களுட் பலர் பிரிட்டிஷ் குடும்பங்களுக்குத் தத்துச் சென்றனர். மைக்கேல் ரட்டர் தலைமையில் தொடங்கிய ஆய்வு ருமேனியாவிலிருந்து வந்த 165 குழந்தைகளையும், பிரிட்டனுக்குள்ளேயே தத்தெடுக்கப்பட்ட 52 குழந்தைகளையும் இளமைப்பருவம் வரை பின்தொடர்ந்தது. பெரும்பாலோர் பிறந்த சில வாரங்களிலேயே இல்லங்களில் விடப்பட்டவர்கள். ஆகவே, ஒரு குழந்தை அங்கு எத்தனை மாதம் இருந்தது என்பதை அதன் இயல்பைவிட ஆட்சி வீழ்ந்த நாளே பெரிதும் முடிவு செய்தது. இச்சான்றின் வலிமை இதிலேயே உள்ளது.

ஆறு மாதத்திற்கும் குறைவாக இருந்தோர் பிரிட்டிஷ் குழந்தைகளை ஒத்தே வளர்ந்தனர். அதற்கு மேல் இருந்தோரிடம் கவனக்குறையும் மிகையியக்கமும் கூடுதலாகக் காணப்பட்டு, வளர்ந்த பின்னும் நீடித்தன. அறிவுத்திறனில் தொடக்கத்தில் இருந்த பின்னடைவோ காலப்போக்கில் நீங்கியது. 2020இல் வெளிவந்த மூளைப்படிம ஆய்வில், ருமேனியாவிலிருந்து வந்தோரின் மூளைப் பருமன் சராசரியாக 8.6 விழுக்காடு குறைந்திருந்தது. இல்லத்தில் கழிந்த மாதங்கள் கூடக்கூடக் குறைவும் கூடியது.

சான்றின் எல்லை

இதனால் ஏ.டி.எச்.டி. அனைத்தும் துயரின் விளைவு எனக் கொள்வது பொருந்தாது. இரட்டையர் ஆய்வுகள் மரபின் பங்கை 70 முதல் 80 விழுக்காடு எனக் கணிக்கின்றன. 2019இல் வெளியான மரபணு ஆய்வு, தொடர்புடைய 12 மரபணு இடங்களைக் கண்டறிந்தது. கனடிய மருத்துவர் காபோர் மாட்டே 1999இல் வெளியிட்ட நூலில் தொடக்கக்கால மன அழுத்தத்திற்கு முதன்மை அளித்தார். எனினும் ருமேனிய இல்லங்களின் கொடுமையைக் கொண்டு சாதாரண வீட்டுத் தாயின் மனச்சோர்வை அளத்தல் முறையன்று. மறுபுறம், அச்சத்தில் விழித்திருக்கும் குழந்தையின் அமைதியின்மையை ஏ.டி.எச்.டி. என்று மட்டும் பதிவு செய்தால், அக்குழந்தைக்கு நேரும் கொடுமை மறைந்துபோகிறது. துடிப்பு மிகுந்த குழந்தையே வீட்டில் அதிகம் அடிபடவும் கூடும் என்பதால், காரணம் எத்திசையிலும் ஓடலாம்.

ஆறு மாதத்திற்கு மேல் அவ்வில்லங்களில் இருந்தவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எந்த வயதிலும் குறிப்பிடத்தக்க சிக்கலின்றி வளர்ந்தனர் என 2017இல் வெளியான ஆய்வு முடிவு கூறுகிறது. அவர்களைக் காத்தது எது என்பது இன்னும் ஆய்வில் உள்ளது.